வெட்டினால் நடுகிறார்களே, அப்புறம் வடக்குக் காடுகளில் என்ன பிரச்சினை?

கேள்வி இது: "ஸ்வீடன், பின்லாந்து, கனடா மாதிரி நாடுகளில் ஒரு மரம் வெட்டினால் இரண்டு மூன்று நடுகிறார்கள். நூறு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது மரம் அதிகம் என்றும் சொல்கிறார்கள். அப்படியிருக்க, வெட்டும் முறையைப் பற்றி அங்கே ஏன் இவ்வளவு சண்டை? மொத்தமாக மொட்டையடிப்பதை விட்டுவிட்டுப் பெரிய மரங்களை மட்டும் பார்த்து வெட்டினால் காடு பிழைத்துக்கொள்ளாதா?"

மரம் அதிகம் என்பது உண்மைதான். ஸ்வீடன் 1923-இல் நாடு முழுவதற்குமான காட்டுக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. அன்றைய அளவோடு ஒப்பிட்டால் இன்று நிற்கிற மரத்தின் கன அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பின்லாந்தின் கணக்கும் இதே திசையில்தான் போகிறது. சிக்கல் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. பெரிய மரங்களை மட்டும் பார்த்து வெட்டுவதைத்தான் வடக்கு ஸ்வீடனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தார்கள். காடு கெட்டதே அப்போதுதான். மொட்டையடிக்கும் முறை அதற்கு வைத்தியமாக வந்தது. பிறகு அந்த வைத்தியம் தன் பங்குக்கு வேறு நோய்களைக் கொண்டுவந்தது. இந்த முன்கதை தெரியாமல் "முழு வெட்டு மோசம், தேர்ந்து வெட்டினால் நல்லது" என்று பேசினால் சண்டையின் பாதி நமக்குப் புரியாது.

வெட்டி எடுத்ததைவிட, வெட்டிய பிறகு நிலத்தில் என்ன மிஞ்சியது என்பதுதான் அங்கே அடுத்த நூறு, இருநூறு ஆண்டுக் காட்டைத் தீர்மானிக்கிறது. மிஞ்சியது என்று நான் சொல்வதில் நிற்கும் மரம், விழுந்த மரம், விதை, வேரோடு ஒட்டிய பூஞ்சை, தரையை மூடியிருக்கும் பாசி, அதற்கடியில் உள்ள மக்கு எல்லாம் அடக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டால் முன்னுக்குப் பின் முரணாகத் தெரிகிற பல விஷயங்கள் ஒழுங்காக வந்து உட்காரும்.

முதலில் பழைய கதை. 1849-இல் சுண்ட்ஸ்வால் நகருக்குப் பக்கத்தில் தூனாதால் என்ற இடத்தில் ஸ்வீடனின் முதல் நீராவி மர அறுவை மில் ஓட ஆரம்பித்தது. அதே காலத்தில் பிரிட்டன் மர இறக்குமதி வரியைக் குறைத்துக்கொண்டே வந்தது. தொழிற்சாலைகளும் வீடுகளும் கட்டிக்கொண்டிருந்த ஐரோப்பாவுக்குப் பலகை தேவை; வடக்கு ஸ்வீடனின் ஆறுகளோ காட்டிலிருந்து நேராகக் கடலுக்கு ஓடுபவை. குளிர்காலத்தில் வெட்டி, குதிரையை வைத்துப் பனிமேல் இழுத்து வந்து, உறைந்த ஆற்றங்கரையில் அடுக்கி, வசந்தத்தில் வெள்ளத்தோடு மிதக்கவிட்டால் மரம் தானாக மில்லுக்கு வந்து சேரும். தூக்கிச் செல்லும் செலவுக்குக் கட்டுப்படியாவது பருத்த பைன் மரம் மட்டும்தான். எனவே குறிப்பிட்ட பருமனுக்கு மேலே உள்ளதை வெட்டு, மற்றதை விடு என்பதே முறை. அந்தப் பருமனில் மரம் தீர்ந்ததும் அளவைக் கொஞ்சம் இறக்கி, அதே காட்டுக்குள் மறுபடி போவார்கள். அப்புறம் இன்னொரு முறை. காகிதக்கூழ் ஆலைகள் வந்தபோது சின்ன மரத்துக்கும் விலை வந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் நல்லதே போயிற்று. மிஞ்சியவை கோணல் மரங்கள், நிழலில் அமுங்கி வளராமல் நின்ற ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள், இடையிடையே வெற்றிடம். தொலைவிலிருந்து பார்த்தால் காடு இருக்கும். ஆனால் வளர்ச்சி இருக்காது. 1903-இல் ஸ்வீடன் நாடாளுமன்றம், வெட்டியவர் மறுபடி காடு வரச் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டதற்குப் பின்னால் இந்தக் கவலை இருந்தது. என்றாலும் வடக்கே தேர்ந்து வெட்டுவது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. இயற்கையாகவே கன்று முளைத்து இடைவெளி அடையும் என்ற நம்பிக்கை. அது முளைக்கவில்லை.

ஏன் முளைக்கவில்லை என்பது இந்த விஷயத்தின் அடிவேர், அதனால் கொஞ்சம் குனிந்து தரையைப் பார்க்கலாம். ஸ்காட்ஸ் பைன் விதை ஒன்றின் எடை சில மில்லிகிராம்தான். முளைத்ததும் அதனால் விடமுடிகிற வேர் சில சென்டிமீட்டர். வடக்கின் வயதான காட்டில் தரை என்பது மண்ணாக இருக்காது. மேலே பச்சைப் பாசி, அதன்கீழ் பாதி மக்கிய பாசி, அதற்கும் கீழே புளிப்பேறிய கறுப்பு மக்கு. பிறகுதான் மணல் கலந்த அடிமண். குளிரால் மக்குவது மெதுவாக நடப்பதால் இந்த மெத்தை வருடாவருடம் தடிக்கும். விதை பாசிமேல் விழுந்து, மழை பெய்தால் முளைக்கும். பிறகு பத்து நாள் வெயிலடித்தால் பாசி மேலிருந்து காய்ந்துகொண்டே வரும். குட்டி வேர் அடிமண்ணைத் தொடுவதற்குள் கன்று செத்துவிடும். தப்பிப் பிழைத்தவற்றை அமுக்க மக்குக்குள் பின்னிக்கிடக்கும் பெரிய மரங்களின் வேர்களும் குத்துச்செடிகளும் இருக்கின்றன. மேலே நிற்பதில் பத்தை வெட்டினாலும் இருபதை வெட்டினாலும் தரையின் நிலை மாறுவதில்லை.

இயற்கையில் அந்த மெத்தையை அகற்றியது நெருப்பு. மின்னல் விழுந்து, கோடையில் எரிந்து, மக்கு பாதியோ முழுதோ போய், சாம்பலோடு சத்து வெளிப்பட்டு, அடிமண் வெயிலைப் பார்க்கும். அந்த வருடமும் அடுத்த வருடமும் விழுகிற பைன் விதைக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது. வட அமெரிக்காவின் ஜாக் பைன் இன்னும் ஒரு படி மேலே போய், கூம்பைப் பிசினால் மூடி ஒட்டி வைத்துக்கொண்டு நெருப்பின் சூடு பட்டால்தான் திறக்கிறது. வடக்கு ஸ்வீடனில் மாலோ வட்டாரத்தில் யோயல் வ்ரெட்லிண்ட் என்ற வன அதிகாரி இதைப் புரிந்துகொண்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வெட்டிய நிலங்களை வேண்டுமென்றே எரித்துப் பைன் காட்டை மீட்டார். அவர் எரித்த இடங்களில் பல இன்று நல்ல காடு.

1948-இல் பின்லாந்தின் முன்னணி வன அறிஞர்கள் சேர்ந்து, தேர்ந்து வெட்டுவதைக் கண்டித்து ஓர் அறிக்கை விட்டார்கள். 1950-இல் ஸ்வீடன் அரசின் வனத்துறை தன் காடுகளில் அதை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குப் பிறகு முழு வெட்டு மட்டும்தான்: ஒரு பகுதியை மொத்தமாக வெட்டு, இயந்திரத்தால் மக்கைக் கீறி அடிமண்ணைத் திற, நாற்று நடு, இரண்டு மூன்று முறை நெருக்கமான மரங்களைக் களைந்து விடு, தெற்கே அறுபது எழுபது ஆண்டுகளிலும் வடக்கே நூறை ஒட்டியும் மறுபடி வெட்டு. மரத்தின் அளவை இரட்டிப்பாக்கியதில் பெரும்பங்கு இந்த முறைக்கு உண்டு. அதை மறைத்துவிட்டு விமர்சிப்பது நேர்மையில்லை.

சரி, நெருப்பும் மொட்டையடிக்கிறது, மனிதனும் மொட்டையடிக்கிறான். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று அங்கேயும் நிறைய பேர் வாதாடினார்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றுதான். தரைக்கு வந்து பார்த்தால் ஏறக்குறைய நேரெதிர். நெருப்பு மக்கை எடுத்துக்கொண்டு மரத்தை விட்டுச் செல்கிறது. வெட்டு மரத்தை எடுத்துக்கொண்டு மக்கை விட்டுச் செல்கிறது. எரிந்த காட்டில் கருகிய மரங்கள் நிற்கும், பாதி உயிரோடு சில தப்பும், ஈரமான பள்ளங்களில் தீ தொடாத திட்டுகள் இருக்கும். பிறகு அந்தச் செத்த மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்து பல பத்தாண்டுகள் மக்கும். கருகிய மரத்தைத் தேடி வரும் வண்டுகள், அந்த வண்டைத் தேடி வரும் மரங்கொத்திகள், விழுந்த மரத்தில் மட்டும் வளரும் பூஞ்சைகள் எல்லாம் இந்த மிச்சத்தை நம்பி வாழ்பவை. பின்லாந்தில் மட்டும் செத்த மரத்தைச் சார்ந்த உயிரினங்கள் நாலாயிரம் முதல் ஐயாயிரம் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்நாட்டுக் காட்டுயிர்களில் இது நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ. தெற்கு பின்லாந்தின் தொடாத பழங்காட்டில் ஹெக்டேருக்கு 60 முதல் 120 கன மீட்டர் வரை செத்த மரம் கிடக்கும். பராமரிக்கப்படும் காட்டில் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான்.

பின்லாந்தில் "கேலோ" என்று ஒரு மரம் உண்டு. தனி இனம் கிடையாது. நின்றபடியே செத்துப்போன பழைய பைன்தான். முந்நூறு நானூறு வருடம் மெதுவாக வளர்ந்து, இடையில் இரண்டு மூன்று தீயில் அடிபட்டு, ஒவ்வொரு காயத்திலும் பிசின் ஊறி இறுகி, ஒருநாள் பட்டுப்போகும். பட்டை உரிந்து, வெள்ளிச் சாம்பல் நிறத்தில், உளியை மழுக்கும் கடினத்தோடு இன்னும் பல பத்தாண்டுகள், சில சமயம் நூற்றாண்டுக்கு மேலும் நிற்கும். பிறகு விழுந்து மக்குவதற்கு அதே அளவு காலம். அதன்மேல் வளரும் சில பூஞ்சைகள் வேறு எதன்மேலும் வளர்வதில்லை. இப்போது யோசியுங்கள்: எண்பது நூறு வருடத்தில் வெட்டப்படும் காட்டில் கேலோ எப்படி உருவாகும்? இன்று நிற்கும் கேலோக்கள் தொழில்முறை வனவியல் வருவதற்கு முன்பு முளைத்தவை. பழையவை விழுந்து மக்கி முடிந்த பிறகு, அந்த இடத்துக்கு வர ஆள் இல்லை. நடப்பது மெதுவாக நடப்பதால் கணக்கில் தெரிவதில்லை. மரத்தின் கன அளவு ஏறிக்கொண்டே இருக்கும்போதே இது நடக்கலாம்.

இதற்கு ஓர் எளிய கணக்கும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விவாதம் முழுவதிலும் மிகவும் பயனுள்ள கணக்கு இதுதான். கனடாவின் தீ ஆய்வாளர் வான் வாக்னர் 1978-இல் எழுதியது. ஒரு பெரிய காட்டில் சராசரியாக நூறு வருடத்தில் மொத்தப் பரப்பின் அளவுக்கு நெருப்பு எரிகிறது என்று வையுங்கள். நெருப்பு மரத்தின் வயது பார்த்து வருவதில்லை. சில இடம் இரண்டு முறை எரியும், சில இடம் முந்நூறு வருடம் தப்பிக்கும். அப்படியிருந்தால் எந்த நேரத்தில் பார்த்தாலும் காட்டின் 37 சதவீதம் நூறு வயதைத் தாண்டியிருக்கும். 13 சதவீதத்துக்கு மேல் இருநூறையும் தாண்டியிருக்கும். அதே காட்டை நூறு வருடச் சுழற்சியில் ஒழுங்காக வெட்டினால் நூறு வயதைத் தாண்டியது எவ்வளவு? பூஜ்யம். சராசரி ஒன்றுதான், ஆண்டுக்கு ஒரு சதவீதம்தான் இரண்டிலும் போகிறது. ஆனால் வயதான காடு முற்றாக மறைந்துவிடுகிறது. வெட்டும் முறையைவிடச் சுழற்சியின் நீளம் முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான். பொது விவாதத்தில் அதைப் பற்றிக் கிட்டத்தட்ட யாரும் பேசுவதில்லை.

வயதான காடு போவதால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், முதல் பதில் வடக்கின் பூர்வகுடிகளான ஸாமி மக்கள் மேய்க்கும் ரெயின்டீர் (பனிமான்) மந்தைகள். குளிர்காலத்தில் அவை பனியைக் குளம்பால் தோண்டித் தரையில் உள்ள லைக்கனை, அதாவது பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் கற்பாசியை, தின்கின்றன. பனி உருகி மறுபடி உறைந்து மேலே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் தோண்ட முடியாது. அப்போது பழைய ஸ்ப்ரூஸ் கிளைகளில் தாடி மாதிரி தொங்கும் லைக்கன்தான் கைகொடுக்கும். தரை லைக்கனுக்கு வெளிச்சமான, அடர்த்தி குறைந்த பைன் காடு தேவை. அடர்த்தியாக நட்ட இளங்காடு நிழல் கட்டினால் பாசி வந்து லைக்கனை மூடிவிடும். மக்கைக் கீறும் இயந்திரம் அதைப் புரட்டியும் போடும். தொங்கும் லைக்கனுக்கோ வயதான மரம் வேண்டும். வெட்டிய பிறகு அது திரும்பிவரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஸ்வீடனின் கணக்கெடுப்புத் தரவை வைத்து 2016-இல் வெளியான ஆய்வு, தரை லைக்கன் மிகுந்த காடுகளின் பரப்பு அறுபது ஆண்டுகளில் 71 சதவீதம் குறைந்திருப்பதாகக் காட்டியது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1970-களிலிருந்து லட்சக்கணக்கான ஹெக்டேரில் நட்ட லாட்ஜ்போல் பைனும் இதில் ஒரு பங்காளி. வேகமாக வளரும், சீக்கிரம் நிழல் கட்டும்.

கனடாவில் இதன் உறவுக்கார விலங்கான கரிபூவுக்கு வேறு வழியில் அடி விழுகிறது. முழு வெட்டுக்குப் பிறகு வரும் தளிரும் புதரும் மூஸ் என்ற பெரிய மானுக்கும் மற்ற மான்களுக்கும் விருந்து. அவை பெருகினால் ஓநாய் பெருகும். ஓநாய் மூஸுக்காக வந்து, போகிறபோக்கில் கரிபூக் குட்டியையும் தின்னும். மரம் ஏற்ற வெட்டிய சாலைகள் அதற்கு நடக்க வசதி. கரிபூ பழங்காட்டில் ஒதுங்கி வாழ்ந்ததே ஓநாயிடமிருந்து தூரம் இருக்கத்தான். அதன் வாழிடத்தில் குறைந்தது 65 சதவீதமாவது குலையாமல் இருக்க வேண்டும் என்று கனடா அரசின் 2012 மீட்புத் திட்டம் வைத்த அளவுகோலுக்குப் பின்னால் இந்தச் சங்கிலியும் இருக்கிறது.

இனி, மென்மையாக வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம். ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் நடுவே களிமண் வளையம் என்று அழைக்கப்படும் பெரிய சமவெளி இருக்கிறது. பனியுகம் முடிந்தபோது அங்கே இருந்த ஒஜிப்வே ஏரியின் அடிப்படிவு அது. நீர் வடியாத களிமண், அதன்மேல் கருப்பு ஸ்ப்ரூஸ். அங்கே நெருப்பு நெடுநாள் வராமல் இருந்தால் ஸ்ஃபேக்னம் பாசி பரவும். அது தண்ணீரை உறிஞ்சி ஊறிய பஞ்சு மெத்தை மாதிரி தரையை மூடும். தரை குளிரும், காற்று போகாது, மக்குவது நிற்கும், சத்து உள்ளேயே பூட்டிக்கிடக்கும். மரத்தின் வேர் களிமண்ணிலிருந்து மேலேறிப் பாசிக்குள்ளேயே ஓட ஆரம்பிக்கும். சில நூற்றாண்டுகளில் காடு கிட்டத்தட்டச் சதுப்பாகிவிடுகிறது. வளர்ச்சித்திறன் பாதிக்கும் கீழே இறங்குவதை அளந்திருக்கிறார்கள். கடுமையான தீ ஒன்று வந்தால் இந்த மெத்தை எரிந்து, காடு களிமண்ணின்மேல் புதிதாகத் தொடங்கும். லேசான தீ வந்தால் மரம் மட்டும் சாகும், மெத்தை அப்படியே இருக்கும், அடுத்த தலைமுறை மந்தமாகவே வளரும்.

1990-களில் கியூபெக்கில் மண்ணையும் இளங்கன்றுகளையும் காப்பாற்றும் வெட்டு முறை வழக்கமாயிற்று. ஒன்டாரியோவிலும் அதே மாதிரி ஒன்று வந்தது. இயந்திரங்கள் குறித்த தடங்களில் மட்டும் போகும், முடிந்தால் தரை உறைந்திருக்கும் குளிர்காலத்தில் வேலை நடக்கும், ஏற்கெனவே பாசியில் இருக்கும் சின்ன ஸ்ப்ரூஸ்களை மிதிக்கக்கூடாது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பல இடங்களில் இது நல்ல முறையும்கூட. ஆனால் களிமண் வளையத்தில் இது லேசான தீயின் வேலையைத்தான் செய்கிறது: மேலே மரம் போகிறது, கீழே பாசி மெத்தை அலுங்காமல் இருக்கிறது. மரம் போனதால் நீர் உறிஞ்ச ஆளில்லாமல் நீர்மட்டம் ஏறி, வெளிச்சமும் சேர்ந்து, ஸ்ஃபேக்னத்துக்குக் கொண்டாட்டம். காப்பாற்றிய கன்றுகளில் பலவும் விதையிலிருந்து வந்தவை இல்லை. பாசிக்குள் புதைந்த கீழ்க்கிளைகள் வேர்விட்டு எழுந்தவை. அவை களிமண்ணைத் தொட்டதே கிடையாது. இங்கே மண்ணைக் கலைப்பதுதான் நன்மை. கலைக்காமல் விட்டால் காடு படிப்படியாகச் சதுப்பாகும். ஆய்வாளர்கள் அங்கே கோடைகால வெட்டையும் மண் கிளறுவதையும் கட்டுப்படுத்திய தீயையும் பரிந்துரைப்பது இதனால்தான். நம் ஊர்க் கண்ணுக்கு இது கொடூரமாகத் தெரியலாம்.

நேரெதிரான இடம் பின்லாந்தின் பீட் நிலம், அதாவது பாதி மக்கிய தாவரம் தடிமனாகப் படிந்த சதுப்பு. இருபதாம் நூற்றாண்டில் அங்கே சுமார் 50 லட்சம் ஹெக்டேர் சதுப்பை வாய்க்கால் வெட்டி வடியவைத்து மரம் வளர்த்தார்கள். அதை முழுதாக வெட்டினால் நீர்மட்டம் ஏறும், கன்று மூழ்கும், மறுபடி வாய்க்காலைத் தூர்வார வேண்டும், வண்டலும் சத்தும் ஏரிக்குப் போகும். பாதி மரத்தை நிற்கவைத்தால் அவையே நீரை உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டிருக்கும். வாய்க்கால் வேலை குறையும், பீட்டும் அளவுக்கு மீறிக் காயாது. தேர்ந்து வெட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பின்லாந்தின் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, அரைநூற்றாண்டுக்கும் மேலாக ஒதுக்கிவைத்திருந்த அந்த முறை மறுபடி தடையில்லாமல் அனுமதிக்கப்பட்டது. இன்றைய தேர்ந்து வெட்டு பழைய கொள்ளை மாதிரி இல்லை. எல்லா வயது மரங்களும் நிற்கும்படி, இடம் திறந்துவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பது. காட்டுத் தரையில் வளரும் பில்பெர்ரி என்ற சிறுபழச் செடிக்கும் இது நல்லது. முழு வெட்டின் வெயிலும் மண் கீறலும் அதற்கு ஆகாது. பின்லாந்துக் காடுகளில் அதன் பரப்பு 1950-களிலிருந்து கணிசமாகக் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் தேர்ந்து வெட்டினால் வரும் தொல்லைகளையும் சொல்லத்தான் வேண்டும். நிழல் தாங்குவது ஸ்ப்ரூஸ். பைனும், இலையுதிர் மரங்களான பிர்ச்சும் ஆஸ்பெனும் தாங்காது. வெளிச்சம் போதாமல் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்தால் காடு மெல்ல மெல்ல ஸ்ப்ரூஸ் மட்டுமாக மாறும். அந்த ஸ்ப்ரூஸுக்கு வேர் அழுகல் என்று ஒரு பூஞ்சை நோய். அதன் வித்துகள் புதிதாக வெட்டிய அடிக்கட்டையின் ஈரமான முகத்தில் வந்து உட்காரும், வேர் வழியாக இறங்கும், பக்கத்து மரத்தின் வேர் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் தாவும். வெளியே ஒன்றும் தெரியாது. இருபது முப்பது வருடம் கழித்து வெட்டும்போது நடுத்தண்டு பழுப்பாக உளுத்திருக்கும். இதற்காகவே மரம் வெட்டும் ஹார்வெஸ்டர் இயந்திரத்தின் அறுவைச் சட்டத்தில் ஓட்டை வைத்து, மரம் விழும் அதே நொடியில் யூரியாக் கரைசலையோ, போட்டிப் பூஞ்சை ஒன்றின் வித்துக் கலவையையோ கட்டைமேல் பீய்ச்சுகிறார்கள். சரியாகப் பட்டதா என்று பார்க்கக் கரைசலில் சாயம் கலப்பதும் உண்டு. பனிக்காலத்தில் வெட்டினால் வித்து பறக்காது, இந்தச் செலவும் இல்லை. முழு வெட்டு முறையில் களையும்போதும் கடைசி வெட்டின்போதும் மட்டும் வரும் இந்த ஆபத்து, தேர்ந்து வெட்டுவதில் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் வருகிறது. இழுத்துச் செல்லும்போது நிற்கும் மரத்தின் பட்டை உரிவது தனி. குளிர்காலம் சுருங்கிவருவதால் உறைந்த தரையில் வேலை செய்யும் நாட்களும் குறைகின்றன.

ஒரே வயது ஸ்ப்ரூஸ் தோட்டத்துக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2005 ஜனவரியில் தெற்கு ஸ்வீடனில் அடித்த குட்ரூன் புயல் ஒரே இரவில் ஏறக்குறைய 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. நாடு முழுவதும் ஓராண்டில் வெட்டும் அளவுக்கு நெருக்கமானது இது. விழுந்ததில் பெரும்பகுதி ஸ்ப்ரூஸ். 2018-இன் வறட்சிக்குப் பிறகு பட்டை வண்டுகள் அதே மாதிரி காடுகளைத்தான் தேடிப்பிடித்தன. கலப்புக் காட்டில் பிர்ச் இருந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும். ஆனால் பிர்ச்சைக் களை என்று நினைத்து, 1970-களில் ஸ்வீடனில் விமானத்திலிருந்து மருந்து அடித்த காலம் ஒன்று இருந்தது. மக்கள் எதிர்ப்பில் நின்றது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடியதில் வந்ததுதான் சிலவற்றை நிரந்தரமாக விட்டுவைத்து வெட்டும் முறை. ஸ்வீடனின் 1993 சட்டம் உற்பத்திக்கும் சுற்றுச்சூழலுக்கும் சம எடை கொடுத்த பிறகு அங்கே இது வழக்கமாயிற்று: வெட்டும் இடத்தில் சில மரங்கள், ஓடைக்கரைத் திட்டுகள், மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் வெட்டிய உயர்ந்த அடிக்கட்டைகள். எவ்வளவு விட்டால் போதும்? கனடாவின் ஆல்பர்ட்டாவில் பீஸ் ரிவர் ஊருக்கு வடமேற்கே 1998-இல் தொடங்கிய எமெண்ட் சோதனை இதைக் கேட்கத்தான் அமைந்தது. சுமார் ஆயிரம் ஹெக்டேர் காட்டில் பத்து, இருபது, ஐம்பது, எழுபத்தைந்து சதவீதம் என்று வெவ்வேறு அளவில் மரங்களை விட்டுப் பார்க்கிறார்கள். தனியாக விட்ட மரங்களில் நிறையக் காற்றில் விழுந்தன; அடர்காட்டுத் தரை வண்டுகளுக்கும் சிலந்திகளுக்கும் பத்து இருபது சதவீதம் போதவில்லை. கிழக்கு பின்லாந்தின் லியெக்ஸாவில் 2001-இல் விட்டுவைத்த மரங்களோடு சேர்த்து நிலத்தை எரித்தும் பார்த்தார்கள். தீயை நம்பி வாழும் அரிய வண்டுகள் தேடிவந்தன. ஹெக்டேருக்குப் பத்து மரம் விட்டுவிட்டு இயற்கையைப் போலச் செய்கிறோம் என்பது எனக்கு விளம்பரமாகத்தான் படுகிறது. வேர்ப்பூஞ்சைக்கு மட்டும் அந்தச் சில மரங்களும் உண்மையான உதவி: மரத்தோடு கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சைகளுக்கு உயிருள்ள வேர் இருந்தால்தான் சர்க்கரை கிடைக்கும். மொட்டையடித்த நிலத்தில் பெரும்பாலானவை சில வருடங்களில் இல்லாமல் போய்விடுகின்றன.

கிளை, ஊசியிலை, அடிக்கட்டை எல்லாவற்றையும் எரிபொருளுக்காக வாரிச் செல்வது பற்றியும் ஒரு வார்த்தை. மரத்தின் சத்தில் பெரும்பங்கு ஊசியிலையிலும் கிளையிலும்தான் இருக்கிறது, வடக்கின் மண்ணிலோ நைட்ரஜன் பற்றாக்குறை. தண்டை மட்டும் எடுத்துக் கிளையை அங்கேயே போட்டால் அந்தச் சத்து நிலத்திலேயே தங்கும். எல்லாம் போனால் அடுத்த தலைமுறை ஸ்ப்ரூஸ் மெதுவாக வளர்வதைச் சோதனைகள் பல காட்டியிருக்கின்றன.

அப்படியானால் எதுதான் நல்லது? ஸ்வீடனில் 1990-களில் வகுத்த ஓர் அணுகுமுறை எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது. நிலத்தை அதன் தீ வரலாற்றை வைத்துப் பிரிப்பது: கிட்டத்தட்ட எரியவே எரியாத ஈரப் பள்ளங்கள், எப்போதாவது எரிபவை, இடையிடையே எரிபவை, அடிக்கடி எரியும் வறண்ட மணல் மேடுகள். எரியாத பள்ளத்தில் கை வைக்காதே, அல்லது ஒவ்வொன்றாக எடு. நடுவில் உள்ளவற்றில் பெரிதாக வெட்டலாம். ஆனால் கணிசமாக விட்டுவை, இலையுதிர் மரம் வர விடு. மணல் மேட்டில் பழைய பைன்களை நிற்கவைத்து அடியில் எரி. ஒரே பண்ணையில் இந்த நான்கும் இருக்கலாம். கூடவே சில இடங்களில் சுழற்சியை நூறிலிருந்து நூற்றைம்பதாக நீட்ட வேண்டும். அதற்குப் பணம் ஆகும். யார் கொடுப்பது என்பதில்தான் உண்மையான சண்டை: ஸ்வீடனில் ஏறக்குறைய பாதிக் காடு சாதாரணக் குடும்பங்களின் சொத்து. கனடாவில் பெரும்பகுதி மாகாண அரசுகளுடையது. அங்கே சண்டை குத்தகை நிபந்தனைகளைப் பற்றியும் பூர்வகுடிகளின் உரிமையைப் பற்றியும் நடக்கிறது.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். வடக்கு ஸ்வீடனில் 1950-களில் மொட்டையடித்து நட்ட காட்டுக்கு இன்று வயது எழுபதை ஒட்டியிருக்கிறது. அங்கே ஒரு சுழற்சி நூறை ஒட்டிப் போவது. அதாவது இந்த முறையின் முதல் சுற்றே பல இடங்களில் இன்னும் முடியவில்லை. இதுவரை மில்லுக்குப் போன மரத்தில் பெரும்பகுதி ஒருபோதும் மொட்டையடிக்கப்படாத, தானாக முளைத்த காடுகளிலிருந்து வந்தது. அதில் செத்த மரமும் பழைய பூஞ்சையும் முந்தைய தீக்களின் மிச்சமும் இருந்தன. நட்ட காட்டை வெட்டி அதன்மேல் மறுபடி நடுவது இப்போதுதான் பரவலாகத் தொடங்குகிறது.